சோடி விழுந்த மேசையில் ஒரு ஃபிளஷ்

‘காசினோ ரோயல்’ படத்தின் கடைசிப் போக்கர் ஆட்டத்தை எல்லாரும் ஜேம்ஸ் பொண்டுக்காகத்தான் பார்ப்போம். அண்மையில் நான் அதைத் திரும்பப் பார்த்தது வேறொரு ஆளுக்காக. மேசையில் ஐந்து கடதாசிகள் திறந்து கிடக்கின்றன: ஹார்ட்ஸ் ஏஸ், ஸ்பேட் 8, ஸ்பேட் 6, ஸ்பேட் 4, கடைசியாக ஸ்பேட் ஏஸ். நாலு பேர் மிச்சம். முதலாவது ஆள் தன்னுடைய இரண்டையும் திருப்புகிறார். ஸ்பேட் கிங், ஸ்பேட் குவீன். ஃபிளஷ். அடுத்தவரிடம் இரண்டு 8, ஃபுல் ஹவுஸ். வில்லன் லு ஷீஃப்ரிடம் ஏஸும் 6உம். அதைவிடப் பெரிய ஃபுல் ஹவுஸ். பிறகு பொண்ட் ஸ்பேட் 5ஐயும் 7ஐயும் வைக்கிறார், ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ், 115 மில்லியன் டொலர், இசை எழும்புகிறது. ஃபிளஷ் வைத்திருந்த அந்த முதலாவது மனிசனைக் கமெரா அதுக்குப் பிறகு திரும்பியும் பார்க்காது.

எனக்கு அந்த ஆளில அக்கறை வந்தது என்னோடு போர்டிங்கில் இருக்கிற நண்பனால். போன மாதம் ஒரு இரவு, டியூட் எழுதிக்கொண்டிருந்த என்னை உலுப்பிப் போனைக் காட்டினான். காசில்லாமல் சும்மா சிப்ஸுக்கு விளையாடுகிற போக்கர் ஆப். அவனுடைய கையில் ஸ்பேட் ஏஸும் ஸ்பேட் 7உம். மேசையில் ஸ்பேட் கிங், ஸ்பேட் 9, ஸ்பேட் 4, பிறகு ஹார்ட்ஸ் 9, கடைசியாக டைமண்ட் 2. இருந்த சிப்ஸ் முழுவதையும் தள்ளியிருக்கிறான். எதிராளி ஃபுல் ஹவுஸ் காட்டி எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

“அஞ்சும் ஸ்பேட் மச்சான். அதுவும் ஏஸோட. இது எப்பிடித் தோக்கும்?”

கோபம் சிப்ஸுக்காக இல்லை. அந்தக் கிழமை மகாபொல வந்திருந்தது. அடுத்ததாகக் காசு வைத்து ஆடிப் பார்க்கிற யோசனையில் இருந்தான், அதுக்கு முதல் இந்தக் கேள்விக்கு அவனுக்குப் பதில் தேவைப்பட்டது. நான் வரலாறு படிக்கிறவன். அவன் ‘எப்பிடித் தோக்கும்’ என்று கேட்டது எனக்கு ‘எப்ப இருந்து தோக்குது’ என்றுதான் கேட்டது.

304 மட்டும் தெரிந்தவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (எங்கட வீட்டில காட்ஸைக் கடதாசி எண்டுதான் சொல்லுவினம், இதிலயும் அப்பிடியே எழுதுறன்.) ஹோல்டெம் போக்கரில் துரும்பு கிடையாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு கடதாசி மூடியபடி. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து திறக்கப்படும்: முதலில் மூன்று ஒன்றாக, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஐந்தும் ஒரே சின்னம் என்றால் ஃபிளஷ். ஒரே இலக்கத்தில் மூன்றும் இன்னொரு இலக்கத்தில் இரண்டும் வந்தால் ஃபுல் ஹவுஸ். ஃபுல் ஹவுஸ் ஃபிளஷை வெல்லும். பந்தயம் நாலு தரம் நடக்கும். ‘நோ-லிமிட்’ என்றால் எந்தத் தரத்திலும், முன்னால் இருக்கிறது முழுவதையும் ஒரே தள்ளில் வைக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். போக்கர் குடும்பத்தில் ஃபிளஷ் பிந்தி வந்த பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலும் மிசிசிப்பி ஆற்று நீராவிக் கப்பல்களிலும் ஆடப்பட்ட போக்கருக்கு 20 கடதாசிகள்தான். ஏஸ், கிங், குவீன், ஜாக், 10 மட்டும். நாலு பேர், ஆளுக்கு ஐந்து, கட்டு முடிந்தது. ஜோ கவெல் என்ற ஆங்கில நாடக நடிகர் 1829இல் இப்படி ஒரு கப்பலில் நியூ ஓர்லியன்ஸுக்குப் போகும்போது இந்த விளையாட்டைப் பார்த்ததை 1844இல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். போக்கர் பற்றிக் கிடைக்கிற மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. அந்த ஆட்டத்தில் சோடி இருந்தது, இரட்டைச் சோடி இருந்தது, மூன்று ஒரே இலக்கம், ‘ஃபுல்’, நாலு ஒரே இலக்கம் எல்லாம் இருந்தன. ஃபிளஷ் இல்லை.

ஏன் இல்லை என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். 20 கடதாசியில் ஒரு சின்னத்துக்கு ஐந்துதான் இருக்கிறது. ஆகவே ஐந்தும் ஒரே சின்னமாக வரக்கூடிய கைகள் மொத்தம் நாலு. ஃபுல் ஹவுஸ் 480 விதமாக வரலாம். அன்றைக்கே ஃபிளஷைச் சேர்த்திருந்தால் அது ஃபுல்லுக்கு மேல் என்ன, நாலு ஏஸுக்கும் மேல் ராசா மாதிரி உட்கார்ந்திருக்கும்.

பிறகு ஆட்கள் கூடினார்கள், 20 போதவில்லை. 1830கள், 40களில் 52 கடதாசிக் கட்டு மெல்ல மெல்ல இடம்பிடித்தது. மேசையில் நாலு பேருக்கு மேல் இருக்கலாம், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் புதிது இழுக்கலாம். ஃபிளஷும் அந்த மாற்றத்தோடுதான் உள்ளே வந்தது. ஆனால் வந்த நேரம் சரியில்லை. 52இல் ஒரு சின்னத்துக்கு 13. நாலாக இருந்த ஃபிளஷ் 5,148 ஆகிவிட்டது. ஃபுல் ஹவுஸ் 3,744. கிடைக்க அரிதானது உயர்ந்தது என்ற கணக்கில் ஃபிளஷ் ஒரு படி கீழே போய்விட்டது. ஐந்தும் ஒரே சின்னம் என்ற அழகைக் கணக்கு பார்க்காது.

இந்த இடத்தில் இன்னொரு சின்னக் கதை. ஸ்ட்ரெய்ட், அதாவது ஐந்து இலக்கம் வரிசையாக வருவது, இன்னும் பிந்தித்தான் ஏற்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் சில மேசைகளில் அதை எண்ணவில்லை. ஸ்ட்ரெய்ட் இல்லையென்றால் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷும் இல்லை. அப்ப நாலு ஏஸ் வைத்திருக்கிறவனை யாராலும் வெல்ல முடியாது. தோற்கவே முடியாது என்று தெரிந்துகொண்டு ஒருவன் பந்தயம் கட்டுவது பந்தயமா, கொள்ளையா என்று அந்தக் காலத்துக் கனவான்கள் வாதாடினார்கள். ஸ்ட்ரெய்ட் ஃபிளஷை ஆதரித்தவர்களின் ஒரு வாதம் அதுதான்: எந்தக் கைக்கும் முழு நிச்சயம் இருக்கக்கூடாது. சூதாடிகளிடமிருந்து இப்படி ஒரு அறக்கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் இதெல்லாம் மூடிய கடதாசி ஆட்டங்களின் காலம். ஐந்து கடதாசி ‘ட்ரோ’ போக்கரில் எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று காட்ட, பந்தயத்தை விட்டால் ஒரே தடயம், அவன் எத்தனை கடதாசி மாற்றினான் என்பது. ஒன்று மட்டும் மாற்றினால் இரட்டைச் சோடியை ஃபுல் ஆக்கப் பார்க்கலாம், நாலு ஸ்பேடை ஐந்தாக்கவும் பார்க்கலாம். வெளியே இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். உங்கள் ஃபிளஷ் ஒரு ஃபுல்லிடம் தோற்றால் அது விதி; முன்கூட்டி யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

ஹோல்டெம் இதைத் தலைகீழாக்கியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டெக்சாஸில் பிறந்த ஆட்டம். தெற்கு டெக்சாஸில் ரொப்ஸ்டவுன் என்ற சிறிய ஊரைத்தான் அதன் பிறப்பிடம் என்று அந்த மாநிலச் சட்டமன்றம் 2007இல் அங்கீகரித்தது. 1960களில் டொயில் பிரன்சன், அமரில்லோ ஸ்லிம், கிராண்டல் அடிங்டன் போன்ற டெக்சாஸ்காரர்கள் இதை லாஸ் வேகாஸுக்குக் கொண்டு வந்தார்கள். 1970இல் பெனி பினியனின் ஹோர்ஸ்ஷூ காசினோவில் உலகப் போக்கர் தொடர் தொடங்கியது; அதன் முதன்மைப் போட்டி நோ-லிமிட் ஹோல்டெமாக நிலைத்துவிட்டது.

இந்த ஆட்டத்தில் ஒரு எளிய உண்மை இருக்கிறது. விளையாடத் தொடங்கினவர்கள் பலருக்கு அது தெரியாது, என் நண்பனுக்கும் தெரிந்திருக்கவில்லை. உங்கள் கையில் இரண்டே கடதாசி. ஃபுல் ஹவுஸுக்கு மூன்றும் இரண்டும் வேண்டும். ஆகவே மேசையில் கிடக்கிற ஐந்தும் வேறு வேறு இலக்கமாக இருந்தால், உலகத்தில் யாருக்கும் அங்கே ஃபுல் ஹவுஸ் இருக்க முடியாது. மேசையில் மூன்று ஸ்பேட், சோடி இல்லை, ஸ்ட்ரெய்ட் ஃபிளஷுக்கும் வழியில்லை என்றால், ஸ்பேட் ஏஸோடு ஃபிளஷ் வைத்திருக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாத்தையும் தள்ளலாம். மேசையில் ஒரு சோடி விழுந்த அந்தக் கணத்தில் அந்த நிச்சயம் போய்விடுகிறது. உங்கள் கையில் ஒன்றும் மாறவில்லை. அதே ஐந்து ஸ்பேட். மாறினது மேசை. அதுவும் ஒளித்து மாறவில்லை, எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் மாறியது. இது ஏதோ எப்பவாவது நடக்கிற விஷயமும் இல்லை. ஐந்து கடதாசியும் திறந்து முடிகிறபோது, கிட்டத்தட்டப் பாதி ஆட்டங்களில் மேசையில் ஒரு சோடியாவது இருக்கும்.

பந்தயத்துக்கு எல்லை வைத்த ‘லிமிட்’ ஆட்டத்தில் இந்த மாற்றத்தின் விலை இன்னும் ஒன்றிரண்டு பந்தயம். பொறுத்துக்கொள்ளலாம். நோ-லிமிட்டில் விலை, முன்னால் இருக்கிறது எல்லாம்.

சரி, நண்பனுடைய மேசைக்கு வருகிறேன். டியூட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு தாளின் பின்பக்கத்தில் இருவருமாக எண்ணினோம். மேசை: ஸ்பேட் கிங், ஸ்பேட் 9, ஸ்பேட் 4, ஹார்ட்ஸ் 9, டைமண்ட் 2. அவனுடைய இரண்டையும் கழித்தால் 45 கடதாசி மிச்சம். எதிராளியிடம் இருக்கக்கூடிய சோடிச் சேர்க்கைகள் 990. அவற்றில் எத்தனை இவனை வெல்லும்? இரண்டு கிங் 3 விதம், இரண்டு 4 என்றால் 3, இரண்டு 2 என்றால் 3, மிச்ச இரண்டு 9உம் ஒன்றாக ஒரே ஒரு விதம். கிங்கும் 9உம் 6 விதம், 9உம் 4உம் 6, 9உம் 2உம் 6. கூட்டினால் 28.

990இல் 28. நூற்றுக்கு மூன்று கூட இல்லை.

“பாத்தியா? 962 தரம் நான்தான் வெல்லுறன்” என்றான். அப்படித்தான் எனக்கும் முதலில் பட்டது. ஏன் பெரியவர்கள் இந்த மேசையைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று விளங்க எனக்கு இன்னும் ஒரு நாள் எடுத்தது.

990 என்பது எதிராளி ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தால்தான். அவன் ஒவ்வொரு தரமும் காசு வைக்கும்போது அந்த 990 சுருங்கிக்கொண்டே போகிறது. வெறும் ஜாக்கும் 6உம் வைத்திருக்கிறவன் முதல் பந்தயத்திலேயே போய்விடுவான். ஒரு கிங் வைத்திருக்கிறவன் கொஞ்ச நேரம் நிற்பான். ஹார்ட்ஸ் 9 விழுந்த பிறகும், நீங்கள் பெரிதாகத் தள்ளின பிறகும், திருப்பி முழுவதையும் தள்ளுகிறவன் யார்? ஃபிளஷ் வைத்திருக்கிற இன்னொருவன், அல்லது அந்த 28இல் ஒருவன். மிச்சமிருக்கிற எட்டு ஸ்பேடில் இரண்டு இரண்டாக எடுத்தால் வருகிற ஃபிளஷ்களும் சரியாக 28. இது தற்செயல்தான், ஆனால் தாளில் அந்த இரண்டு 28ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினபோது இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று இருந்தது கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாக வந்து நிற்கிறது. அந்த மற்ற ஃபிளஷ்காரனும் சோடியைப் பார்த்துப் பயந்து திருப்பித் தள்ளாமல் சும்மா சமன் செய்கிறவன் என்றால், தள்ளுகிறவர்களில் மிஞ்சுவது பெரும்பாலும் ஃபுல் ஹவுஸ்.

அதுவும் ஏஸ் இருந்தபடியால். அவனுடைய கையில் ஸ்பேட் 6உம் 5உம் இருந்திருந்தால், மற்ற 28 ஃபிளஷ்களில் 27 அவனை வென்றிருக்கும். மேசையில் சோடி விழுந்தால் சின்ன ஃபிளஷ் ஒரு பொறி. பெரிய ஃபிளஷிடமும் தோற்கும், ஃபுல் ஹவுஸிடமும் தோற்கும், ஆனால் பார்க்கிறபோது வெல்லுகிற கை மாதிரித்தான் இருக்கும்.

இந்த அறிவு மேசையில் இருந்தவர்களை விட்டு வெளியே வர நெடுங்காலம் எடுத்தது. 1970களின் கடைசியில் பிரன்சன் தன் பெரிய போக்கர் புத்தகத்தை வெளியிட்டபோது, காசுக்கு ஆடுகிற சிலர் தங்கள் இரகசியத்தை அவர் விற்றுவிட்டதாக நினைத்தார்கள். (அவரே 1976, 1977 என்று இரண்டு வருடமும் உலகப் பட்டத்தை 10, 2 என்ற ஒரே கையோடு வென்றவர். இரண்டு தரமும் கடைசிக் கடதாசியாக ஒரு 10 வந்து மேசையில் சோடி விழுந்தது, அவருக்கு ஃபுல் ஹவுஸ்.) ஆனால் எழுத்தைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது கமெரா. ஹென்றி ஓரென்ஸ்டைன் என்ற விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர், நாஸி முகாம்களில் இருந்து உயிர் தப்பியவர், மூடிய கடதாசிகளைத் தொலைக்காட்சிக்குக் காட்டுகிற முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அதுவரைக்கும் தொலைக்காட்சியில் போக்கர் பார்ப்பது கதவு மூடின வீட்டைப் பார்ப்பது மாதிரி. இப்போது ஒருவன் ஃபிளஷோடு தள்ளுவதையும், எதிரில் இருக்கிறவன் ஃபுல் ஹவுஸோடு மூச்சுப் பிடித்துக்கொண்டு இருப்பதையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். நாடகத்துக்கு வேறென்ன வேணும்?

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், சொந்தப் பெயரே அதுதான், இணையத்தில் நூறு டொலருக்கும் குறைந்த காசில் தகுதி பெற்று வந்து 25 இலட்சம் டொலர் வென்றார். அந்த வருடம் முதன்மைப் போட்டியில் 839 பேர். 2006இல் 8,773 பேர். இயன் ஃபிளெமிங் 1953இல் எழுதின ‘காசினோ ரோயல்’ நாவலில் பொண்ட் ஆடுவது பக்கரா. 2006இல் படமாக எடுத்தபோது அதை நோ-லிமிட் ஹோல்டெமாக மாற்றினார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு இப்போது ஹோல்டெம்தான் தெரியும்.

அந்தப் படக் காட்சியைக் கடதாசி கடதாசியாக நிறுத்திப் பார்த்தால் அது முழுக்கச் சோடி விழுந்த மேசையின் கதை. கடைசிக் கடதாசி வருமுன் மேசையில் சோடி இல்லை. அப்போது கிங், குவீன் வைத்திருந்த ஃபிளஷ்காரர் உண்மையிலேயே முன்னால். 8 இரண்டும் வைத்திருந்தவரும் லு ஷீஃப்ரும் அவருக்குப் பின்னால். (பொண்ட் அப்போதே ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் முடித்துவிட்டார், அவரை விடுங்கோ.) ஸ்பேட் ஏஸ் விழுகிறது. ஃபிளஷ்காரருக்கு அது நல்ல கடதாசி மாதிரித் தெரியும், கிங் தலையாக இருந்த ஃபிளஷ் ஏஸ் தலையாகிறது. அதே கடதாசிதான் ஹார்ட்ஸ் ஏஸோடு சோடி சேர்ந்து மற்ற இரண்டு பேருக்கும் ஃபுல் ஹவுஸ் கொடுக்கிறது. தன்னுடைய கை கூடினதை மட்டும் பார்த்தவர் அவர். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் இப்படி விழுவது சினிமா என்று சிரிக்கலாம். ஆனால் 2008 உலகத் தொடரில் மொட்டொயுகி மபூச்சி என்பவரிடம் இரண்டு ஏஸ் இருந்தன, மேசையில் ஒரு ஏஸ். கடைசிக் கடதாசியாக டைமண்ட் ஏஸ் விழுந்து மேசை சோடியானது, அவருக்கு நாலு ஏஸ். எதிரில் ஜஸ்டின் பிலிப்ஸிடம் டைமண்ட் கிங்கும் ஜாக்கும். அதே டைமண்ட் ஏஸ் அவருக்கு ரோயல் ஃபிளஷைக் கொடுத்தது. ஃபிளஷ் குடும்பம் சோடி மேசையில் பழிவாங்கின ஒரு நாள். அந்தப் பழைய கனவான்களின் வாதம், எந்தக் கைக்கும் முழு நிச்சயம் இருக்கக்கூடாது என்பது, மபூச்சியின் தலையில் வந்து விடிந்தது.

இன்றைக்கு இதை ஆராய்வது கணினிகள். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் ஒரு காசினோவில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ராட்டஸ் என்ற நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி, 17 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட சிப்ஸ் வித்தியாசத்தில் வென்றது. அது செய்த ஒரு விஷயம் மனிதர்களைத் திகைக்க வைத்தது: நடுவில் இருக்கிற காசைவிடப் பல மடங்கு பெரிய பந்தயத்தைத் திடீரென்று வைக்கும். எந்தக் கையோடு அப்படி வைக்கலாம் என்பதில், தன் கையில் இருப்பதால் எதிராளியிடம் இருக்க முடியாமல் போகிற கடதாசிகளுக்குப் பெரிய பங்கு. எங்கட மேசையில் அதைப் போட்டுப் பார்த்தேன். நண்பனிடம் ஏஸும் 7உம் இல்லாமல் ஸ்பேட் ஏஸும் ஸ்பேட் 2உம் இருந்திருந்தால், அந்த 28 வந்து 24 ஆகும். ஒரு 2 இவனிடம் இருப்பதால். கை அதே ஏஸ் ஃபிளஷ்தான். ஆனால் அந்தப் பயனில்லாத 2, அழகான 7ஐவிடப் பெறுமதி.

இதை எல்லாம் சொல்லி முடிக்க இரவு ஒரு மணி. அவன் தாளை வாங்கி, 28ஐக் கூட்டின வரிசையைத் திரும்ப மேலிருந்து கீழே வாசித்தான். கிங்கும் 9உம், சரி. 9உம் 4உம், ம்ம். கடைசி வரியில் விரலை வைத்தான்.

“இதை வெட்டு” என்றேன் நான். “9உம் 2உம் வச்சுக்கொண்டு ஆர் மச்சான் அவ்வளவு தூரம் வருவான்? அந்த ஆறையும் கழிச்சா 22தான்.”

“அவன்ர கையில இருந்ததே அதுதான்டா” என்றான்.